பொழிக்கரையில் முதுகு காட்டி நின்றேன்

ஆபத்தின் விளிம்பில் நிற்கும் பிள்ளையை அம்மா கூப்பிட வேண்டுமா, கூப்பிடாமல் இருக்க வேண்டுமா? போன ஐப்பசி மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவனந்தபுரத்தில் கரமனை ஆறு கடலில் சேரும் இடத்தில் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் கரமனையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குச் சாலை என்ற கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஆறு நாளும் தலை நிமிராமல் வேலை பார்ப்பவருக்கு ஏழாவது நாள் தூண்டில் வேண்டும். புழுவோ இறாலோ குத்திப் போடுகிற தூண்டில் இல்லை. லூர் என்று சொல்லும் பிளாஸ்டிக் மீனை நூலில் கட்டித் தூர வீசி, உயிருள்ள மீன் நீந்துவதுபோல் ரீலைச் சுற்றி இழுக்க வேண்டும். பெரிய மீன் ஏமாந்து வந்து கடிக்கும். அந்தப் பொம்மை மீன்களின் வயிற்றில் மும்முனைக் கொக்கிகள் தொங்கும். மகள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெட்டி பீரோவுக்கு மேலேதான் இருக்கிறது. மூடியிருக்கிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவேன். சந்தேகம் வந்து மறுபடி ஏறுவேன். என் சுபாவம் அப்படி.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மணல் திட்டு அடைத்துக் கிடக்கும் இடத்தைப் பொழி என்பார்கள். மழை பெய்து ஆறு நிறைந்தால் திட்டு உடையும், அல்லது யாராவது வெட்டி விடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் கொடுவா மீன் கடலிலிருந்து பொழியின் வாய்ப்பக்கம் வரும் என்று என் கணவர் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வயது மகளும் வருவேன் என்று அடம் பிடித்தாள். அவளைத் தனியாக அவரோடு அனுப்ப எனக்கு மனமில்லை. நானும் போனேன்.

நாங்கள் போனபோது தூறல் விட்டிருந்தது. திட்டின் குறுக்கே ஒரு சின்னக் கீறல் வழியாக ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் விளையாட்டுக்கு வெட்டிய வாய்க்கால் போலத்தான் இருந்தது. என் மகள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிக் குதித்தாள்.

கரையில் எங்களைத் தவிர ஒருவர்தான் இருந்தார். பச்சைத் தொப்பி போட்ட, பருமனான மலையாளி. அவரும் லூர் வீச வந்தவர். வந்த சிறிது நேரத்திலேயே அவருடைய நூல் என் கணவரின் நூல்மேல் குறுக்கே விழுந்தது. தூண்டில்காரர்களிடம் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சத்தமே போடாத என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சேட்டா, இத்தாம்பெரிய கடல் கெடக்கு. என் நூலுமேலதான் எறியணுமா?"

"மீனுக்குத் தெரியுமா தம்பி, இது உங்க நூலு, அது என் நூலுன்னு?" என்று அவர் தொப்பையைக் குலுக்கிச் சிரித்தார்.

என் கணவர் கோபத்தில் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். அவருடைய போனை நனையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி என் பையில் போட்டார். "நீ பைய பாத்துக்கோ. நாங்க அக்கரையில நிக்கோம்" என்றார். ஒரு எட்டில் தாண்டுகிற தண்ணீருக்கு அக்கரை என்று பெயர் வைத்ததற்கு நானும் சிரித்தேன்.

அப்போது நாகர்கோவிலிலிருந்து அத்தை போன் செய்தார். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் போய் நின்று பேசினேன். தீபாவளிக்கு யார் யாருக்குத் துணி எடுப்பது என்ற பேச்சு. பெரியவர்கள் பேசும்போது நடுவில் போனை வைக்க எனக்கு வராது. "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாய்க்கால் இல்லை. அது இருந்த இடத்தில் எங்கள் தெரு அகலத்துக்கு ஒரு செம்மண் ஆறு கடலைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கரையிலும் மணல், கேக்கை வெட்டினாற்போல் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது. விழுந்த துண்டு விழுந்த இடத்தில் இல்லை. கண் இமைப்பதற்குள் கடலுக்குள் போய்விட்டது. அக்கரையின் விளிம்பில் என் மகள் குந்தி உட்கார்ந்து, மணல் விழுவதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நீல வாளி. அவளுக்கு வெகு தூரத்தில், அலை ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்று என் கணவர் வீசிக்கொண்டிருந்தார்.

கத்த வாயைத் திறந்துவிட்டேன். பச்சைத் தொப்பிக்காரர் என் முன்னால் கையை நீட்டி மறித்தார்.

"விளிக்க வேண்டாம் சேச்சி. அந்த ஆளுக்குக் கேக்காது. மோளுக்குக் கேக்கும். கேட்டா உங்ககிட்ட ஓடி வரும்."

ஓடி வருவாள். அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு உறைத்தது. பள்ளி வாசலில் என்னைக் கண்டால் போதும், நடுவில் பஸ் வருகிறதா, ஆட்டோ வருகிறதா என்று பார்க்காமல் ஓடி வருகிறவள். தண்ணீருக்கு இந்தப் பக்கம் அம்மா நின்றால், தண்ணீரைப் பார்க்க மாட்டாள். கொஞ்சம் முன்னால்தான் அதே இடத்தை அவள் பத்துத் தடவை தாண்டியிருந்தாள்.

நான் இறங்கிப் போகிறேன் என்றேன். இறங்கினால் கால் ஊன்றாது, நேரே கடல்தான் என்றார். என் கணவருக்குப் போன் செய்யலாம் என்று பையைத் திறந்தேன். அவருடைய போன் அதற்குள்ளேதான் கிடந்தது. என்ன செய்வது என்று தொப்பிக்காரரிடமே கேட்டேன். அவர் தன் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஈய மீனை எடுத்து, குறடால் அதன் கொக்கியை வெட்டிப் போட்டார். நூலில் கட்டினார்.

"அவரு நூலுக்குக் குறுக்கே போடறேன். மேலே இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு. இதுக்குத் திரும்புவாரு."

ஆனால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. வீசியது கொஞ்சம் விலகினால் அந்த ஈயக்கட்டி மகள் இருக்கும் பக்கம் போகும். கொக்கி இல்லாவிட்டாலும் கல்லால் அடித்தது போலத்தான். அதை அவர் மறைக்கவில்லை. "எறியட்டா?" என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. தலையை ஆட்டினேன்.

அதற்குள் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

"திரும்புங்க சேச்சி. நடந்து போங்க" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

திரும்பினேன். என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகுகளைப் பார்த்து நடந்தேன். சில அடிக்குமேல் கால் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். எதிரே ஒரு படகின் பக்கப் பலகையில் நீலச் சாயம் உரிந்திருந்தது. அதையே பார்த்தேன். பின்னால் "அம்மா" என்று குரல் கேட்டது. திரும்பவில்லை. மறுபடி "அம்மா, இவிட" என்று கேட்டது. இந்தத் தடவை அழுகை கலந்திருந்தது. ரீல் விர்ரென்று ஓடும் சத்தம். பிறகு கடல் சத்தம் மட்டும். அவர் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். முதல் வீச்சு எட்டவில்லை என்று புரிந்தது. அவசரமாகச் சுற்றி இழுத்தார். மறுபடி அந்த விர்ர் சத்தம். மகளின் குரல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் இப்போதும் சில நாள் தூக்கத்தில் நிற்கிறேன்.

"திரும்பிட்டாரு. தெறி விளிக்கிறாரு, கெட்ட கெட்ட வார்த்தை. விளிக்கட்டும்" என்றார். அதன் பிறகு, "ஓடறாரு. ஓடறாரு சேச்சி. எடுத்தாச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ராடை எங்கேயோ போட்டுவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, விளிம்பை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தார். நீல வாளி செம்மண் தண்ணீரில் சுழன்று கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத் திட்டு வழியாக நடந்தால் அடுத்த ஊர் ரோடு வரும் என்றார் தொப்பிக்காரர். என் கணவரை அப்படிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பாலம் வழியாகச் சுற்றி, தன் காரிலேயே என்னைக் கூட்டிப்போனார். அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். "உங்க ஆளு விளிச்ச தெறியில பாதி காத்துல போயிடுச்சு. மீதியை நேரில கேக்கணும்" என்றார். சிரிக்க முயன்று அழுதுவிட்டேன். அங்கே போனதும் என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க சேட்டா" என்றார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நான் கையை நீட்டினேன். மகள் வரவில்லை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவர் தோளில் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்த பிள்ளையின் பார்வை போல இருந்தது. இரவு என் பக்கத்தில்தான் தூங்கினாள். ஆனாலும் அந்தப் பார்வை எனக்குள் இறங்கிவிட்டது.

என் கணவர் இப்போது பொழிப் பக்கம் போவதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "விடு. சின்னப் பிள்ள, மறந்துருவா" என்கிறார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்து அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சோப்பு நுரையை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கி நான் விளிச்சப்போ நீ ஏன் திரும்பல?"

"கடல் சத்தத்துல கேக்கல மக்ளே" என்றேன்.

"கேட்டுது. உன் தோளு ஆடிச்சு" என்றாள். பிறகு மறுபடி நுரையை ஊத ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவளுக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அவள் மனதில் தங்கியிருப்பதும் அது ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். 'நீ என்னிடம் ஓடி வந்துவிடுவாய் என்று பயந்துதான் திரும்பவில்லை' என்று சொன்னால், அம்மாவிடம் ஓடி வருவதே தப்பு என்று அந்தச் சின்ன மனது எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன்? சொல்லாமல் விட்டால், கூப்பிட்டும் திரும்பாதவள் என்றே நான் அவளுக்குள் இருந்துவிடுவேனோ? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வாசகிகள் யாராவது, இதை ஆறு வயதுக்குப் புரிகிற வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று எழுதுங்கள். அவள் மறுபடி கேட்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்துப் நான் பதில் சொல்ல வேண்டும்.