ராஜேஸ்வரி காய்ச்சும் கறுத்த டொபி

பாகு நீரில் விழுந்து உருண்டால்தான் ராஜேஸ்வரிக்கு நம்பிக்கை. சுவிஸ் நாட்டுக் கூர் நகரத்து மூன்றாம் மாடிச் சமையலறையில், கோப்பைத் தண்ணீருக்குள் கருந்துளி ஒன்றை விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். மருமகள் வாங்கித் தந்த வெப்பமானி மேசை லாச்சிக்குள் பிரிக்காமலே கிடக்கிறது. "எள்ளுப்பாகு காய்ச்சின கைக்கு உது என்னத்துக்கு?"

காய்ச்சுவது ஒல்லாந்துக்காரரின் டொபி. அதிமதுரச் சாறும் சீனியும் சேர்ந்த கறுத்த பண்டம். மகன் ஜெனுசன் கட்டிய லீக்கெ ஒல்லாந்துப் பிள்ளை; பல் முளைத்த நாளிலிருந்து இதைச் சப்பி வளர்ந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் தனக்கு வேலை இல்லாத நாளெல்லாம் ராஜேஸ்வரி அவளுக்காக அடுப்படியில்தான்.

செய்முறையில் சொன்னபடி செய்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையவே கிடையாது. சோளமாவில் குழி அழுத்திப் பாகை ஊற்ற வேண்டுமாம். இவர் வறுத்த சிவப்பரிசி மாவைப் பரப்பி, போத்தல் மூடியால் குழி போடுகிறார். நவச்சாரம் சேர்க்க வேண்டுமாம்; அந்த டொபிக்கு அதுதான் உயிர். "ஈயம் பூசுறவன்ர சாமானை என்ர பிள்ளைக்குக் குடுக்கிறதோ? ஏலாது." ஏலாது என்றால் ஏலாதுதான். அதற்குப் பதில் உப்பும் மிளகுத்தூளும். அதிமதுரம் இருமலுக்கு, இருமலுக்கு மிளகு; அந்தக் கணக்கை மாற்ற யாரால் முடியும்!

ருசி பார்க்கவும் வழியில்லை. பிரஷர்காரருக்கு அதிமதுரம் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் லீக்கெ ஒன்றை வாயில் போட்டுச் சிரிப்பாள். "நல்லாயிருக்கு, மாமி." பிறகு குளியலறைக்குப் போய்வருவாள். போன மாதம் அங்கே குப்பைக் கூடையைக் கொட்டும்போது, கடதாசியில் சுற்றிய டொபி ராஜேஸ்வரியின் கண்ணில் பட்டது.

டொபி போனால் போகட்டும். அந்த மரியாதைதான் நெஞ்சைச் சுட்டது. கறியில் உப்புக் கூடினால் ஜெனுசன் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவான். இவளோ கல்யாணமாகி இவ்வளவு காலமாகியும் விருந்தாளியாகவே வந்து போகிறாள். "என்ர வயித்தில பிறந்த பெட்டையெண்டால் முகத்துக்கு நேர சொல்லியிருப்பாள்," என்று அடுப்புக்குச் சொல்லிக்கொண்டே அடுத்த தடவைக்கு அதிமதுரம் இடித்தார். மிளகை மட்டும் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீக்கெ வந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். ராஜேஸ்வரி எதிரே கதிரையில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாதவர்போல் அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லா..." என்று தொடங்கியவளுக்குக் கண் கலங்கியது. மிளகு ஏறிவிட்டது. குளியலறைப் பக்கம் திரும்பினாள், நின்றாள். ஒரு கன்னம் உப்பியிருக்க, மாமியாரிடமே கற்ற சொல் வெளியே வந்தது.

"ஏலாது, மாமி."

சொன்னதும் பயந்துபோய் மேசையில் கடதாசி தேடினாள்.

ராஜேஸ்வரி உள்ளங்கையைக் குவித்து அவள் வாய்க்குக் கீழே கொண்டுபோனார்.

"இதுக்குள்ள துப்பு, பிள்ளை."