வசனம் இல்லாத ராஜாவின் அட்டைக் கார்

1988 தீபாவளிக்கு நான் ஆக்லாந்து போனது நடிப்பதற்காக அல்ல. மலேசியாவின் ஈப்போவில் அம்மா சுட்ட முறுக்கை அண்ணனிடம் சேர்த்துவிட்டு, இரண்டு வாரம் ஊர் சுற்றலாம் என்றுதான் போனேன். சுங்கத்தில் முறுக்கை எடுத்துக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். நீங்களும் காட்டிவிடுங்கள், மறைத்தால்தான் வம்பு.

விமான நிலையத்திலிருந்து பாபடோயிட்டோயில் அண்ணன் வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரமும் அண்ணன் உம்மென்று காரை ஓட்டினான். வீட்டுக்கு வந்ததும் அண்ணிதான் விஷயத்தைச் சொன்னார். தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை தமிழ் நாடகம். அதில் அண்ணன் நேபாள ராஜா. அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி விழுந்துவிட்டதால் ராணி வேடம் என் தலையில்.

கதை தெரியாதவர்களுக்கு: நேபாளத்தில் ராணா குடும்பம் பிரதமர் பதவியைப் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டு நூறு வருடம்போல ஆண்டது. ராஜா பெயருக்குத்தான் ராஜா. அரண்மனையை விட்டு வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டும். கடைசியில் ஒரு ராஜா, வேட்டைக்குப் போகிறேன் என்று குடும்பத்தோடு கிளம்பி, வழியில் இந்தியத் தூதரகத்துக்குள் காரைத் திருப்பிவிட்டார். அதோடு ராணாக்களின் ஆட்சி ஆட்டங்கண்டது.

வேடிக்கை என்னவென்றால், நாடகத்தை எழுதி இயக்கிய யாழ்ப்பாணத்து மாஸ்டர் வீட்டிலும் அதே ஆட்சிதான். நாடகத்தில் பிரதமர் அவர் மகன். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் மருமகன். வருடா வருடம் இப்படித்தானாம். மகனின் கடைசி வசனம் நீண்டுகொண்டே போனதால் தூதரகக் காட்சியையே மாஸ்டர் வெட்டிவிட்டார். ராஜாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

அண்ணன் மகள் மீனாவுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். ஒத்திகை பார்த்துவிட்டு, "டாட் இஸ் ஜஸ்ட் சிட்டிங் தேர்" என்றாளாம். அது அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மகள் முன்னால் ஒரு வரியாவது பேச வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. மாஸ்டரிடம் கேட்டும் பார்த்தான்.

"அவர் கதைக்க ஏலாத ராஜா. நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கோ" என்றார் மாஸ்டர். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு முறுக்கு கொடுக்கவில்லை.

நாடகம் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வாடகை மண்டபத்தில், மாலை ஆறு மணிக்கு. எங்கள் வீட்டிலிருந்து மோட்டார்வேயில் கால் மணி நேரம். மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைசிக் காட்சியில் ராஜாவும் ராணியும் அடிப்பாகம் இல்லாத அட்டைக் காரைத் தோளில் கயிற்றால் மாட்டிக்கொண்டு, இடது பக்கமாக நடந்து மறைய வேண்டும்.

நடுமேடையில் அண்ணன் என் காதில், "கெட்டியா புடிச்சுக்க லா" என்றான். கார் வலது பக்கம் திரும்பியது. மேடைப் படியில் இறங்கியது! நானும் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"எங்க போறியள்? திரும்பி வாங்கோ!" என்று பிரதமர் பதறினார். அடுத்த வசனத்துக்காகத் திரைப் பக்கம் திரும்பினார். திரைக்குப் பின்னால் மருமகன் தாள்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ராஜா பேசவே மாட்டார் என்று எழுதி வைத்தவர்களிடம் அவரை நிறுத்த ஒரு வசனம் எங்கே இருக்கும்?

முன்வரிசையில் மீனாவின் நாற்காலிக்கு முன்னால் கார் நின்றது.

"இதுதான் இந்தியத் தூதரகமா?" அண்ணன் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "நான்தான் இந்த நாட்டு ராஜா. உள்ளே வரலாமா?"

மீனா எழுந்து நின்றாள். "வாங்க ராஜா!" என்றாள். தமிழில்!

மண்டபமே எழுந்து கைதட்டியது. மேடையில் பிரதமர் மட்டும் தனியாக நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு மாஸ்டர் வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கி, "முதலில நான் எழுதின சீன்தானே அது!" என்றார். "ஓம் மாஸ்டர், நீங்கள் எழுதியதுதான்" என்று அவர் பாஷையிலேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவருக்கும் ஒரு பொட்டலம் முறுக்கு எடுத்துவைத்தேன்.

போகிறவர்களுக்கு: தீபாவளி சமயத்தில் அங்கே வசந்தகாலம் என்பார்கள், நம்பாதீர்கள், ஸ்வெட்டர் வேண்டும். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டெய்ரி என்று அங்கே சொல்லும் தெருமுனைக் கடை தவிர வேறு கடை திறக்காது. இப்போது அந்தக் கவலை இல்லை. நாடகத்தில் ராஜா வேடம் தந்தால் எத்தனை வசனம் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.