பையைக் கொடுக்க மறுத்தவன்

மரம் வெட்டும் சாமான்களைப் பொது இடத்தில் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. அரிவாளைத் திறந்து வைத்துக்கொண்டு போனால் ரவுடி. மூடி வைத்துக்கொண்டு போனால் கூலிப்படை. பல வருடமாக இதே தொழில் செய்கிற நான், மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்று காலை வரை நம்பியிருந்தேன்.

என் மொபெட் மெக்கானிக்கிடம் படுத்திருந்தது. வெள்ளிமலையில் ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே சில்வர் ஓக் கிளை ஒன்று பாதி முறிந்து, கரண்டு கம்பியை உரசிக்கொண்டு தொங்கியது. அந்தக் குடும்பம் ஒரு வாரமாக மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தது. லைன்மேன் பெரிய மனது பண்ணி, மதியம் இரண்டு மணி வரை கரண்டை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு மணியைத் தாண்டினால் அந்த மனது மறுபடி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். ரம்ப மெஷினில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்து, பிளேடைக் கழற்றி, இரண்டு அரிவாளோடு சேர்த்து என் மனைவியின் பழைய பூப்போட்ட புடவையில் சுற்றி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்திருந்தேன். சட்டையையும் இஸ்திரி போட்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போகிறவன் போல இருப்பதுதான் மூன்றாவது வழி.

நம் ஜனங்களின் நல்ல குணத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நிற்பவன் கையில் பை இருந்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொறுக்காது.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஓரத்து சீட்டில் இருந்த ஒரு அக்கா கையை நீட்டினார்.

"தம்பி, பைய குடு. மடியில வச்சிக்கிறேன்."

"பரவால்லக்கா."

"எவ்ளோ நேரந்தான் தூக்கிகினு நிப்ப?"

"வெயிட்டே இல்லக்கா."

"வெயிட்டு இல்லன்னா இன்னாத்துக்கு இப்புடி வேர்க்குது?"

பக்கத்து சீட்டுப் பெரியவர் சிரித்தார். "தங்கம் வச்சிகினு இருக்காரு போல. நம்மள நம்ப மாட்டேங்கறாரு."

மலையின் முதல் வளைவில் பஸ் திரும்பியது. நான் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். அக்கா பாசத்தோடு பையைப் பிடித்து இழுத்தார். அவர் கையோடு வந்தது அரிவாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது.

"யோவ், இன்னாய்யா இது?"

"மரம் வெட்றவங்க நான்."

"மரம் வெட்றவன் எதுக்குய்யா பொடவையில சுத்திகினு வர்ற?"

"பாத்தா பயப்படுவாங்கன்னுதான்."

"இப்ப மட்டும் இன்னா, கொஞ்சிகினா இருக்காங்க?"

மணி பன்னிரண்டரை. போலீஸ் வரும்வரை இங்கேயே நிற்கலாம் என்று பின் சீட்டில் ஒருவர் சொன்னதும், மாட்டுக்கொட்டகைக் குடும்பம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கண்டக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. ரோட்டோரத்து மரக்கிளை ஒன்றைக் காட்டினார். "அது டெய்லி நம்ம கண்ணாடிய கீறிகினே இருக்குது. நெசமாவே மரம் வெட்றவன்னா, ஏறி அத வெட்டிக் காட்டு. வுட்டுடறேன்."

உயிருக்குப் பயந்தவன் உடனே ஏறியிருப்பான். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"ஐயோ, வேணாங்க! பர்மிஷன் இல்லாம ரோட்டு மரத்த தொட்டா ஃபாரஸ்ட்காரங்க என்னைத்தான் புடிப்பாங்க. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க, அவங்க ஓகே சொல்லட்டும், அப்புறமா வர்றேன்."

அதுவரை வாயே திறக்காத டிரைவர் திரும்பிப் பார்த்தார். "மனு எழுத சொல்றவன் எங்கயாவது ரவுடியா இருப்பானா? விசில் அடிய்யா, போவலாம்."

என் வீரத்துக்குக் கிடைக்காத நற்சான்று என் கோழைத்தனத்துக்குக் கிடைத்தது. அக்கா அரிவாளைப் புடவைக்குள் திருப்பிச் செருகி, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க வூட்டு பலா மரம் சாஞ்சிகினே வருது, ஒரு நாள் வந்து பாரு."

வெள்ளிமலையில் இறங்கும்போது மணி ஒன்றே கால். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி, பிளேடை மாட்டி, ஏறி, கயிறு கட்டி, கிளையைத் துண்டு துண்டாக இறக்கினேன். கடைசித் துண்டு தரையைத் தொட்டபோது இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மின்விசிறி சுழன்றதும் அந்த வீட்டுக்காரர் முதல் வேலையாகப் பாயைக் கொட்டகையிலிருந்து உள்ளே கொண்டுபோனார்.

சாயங்கால பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. என் பை காலடியில் கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் கட்டைப்பையோடு என் பக்கத்தில் நின்றார்.

"குடுங்க சார், மடியில வச்சிக்கிறேன்."

"பரவால்லங்க."

"வெயிட்டா இருக்குமே."

"வெயிட்டே இல்லங்க."

எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. எழுந்து கண்டக்டரைத் தேடினேன்.