பாஸ் போட்டதால் வந்த வினை

என் மாமனாரைப் பார்த்து நடுங்காத ஓட்டுநர் எங்கள் ஊரில் இல்லை. லைசென்ஸுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக அவர் இருந்த காலத்தில் சாலை விபத்துகள் குறைவு என்பார்கள். இருக்காதா பின்னே? வண்டி ஓட்ட ஆளே இல்லையே. நேராக ஓட்டுகிறவனைப் பின்னால் எடுக்கச் சொல்வார். பின்னால் எடுக்கிறவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ‘ரிவர்ஸ்’ என்று ஊர் பட்டம் கட்டியது அதனால்தான். என்னையும் ஃபெயில் பண்ணினார். நான் வேறு ஊருக்குப் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு அவர் பெண்ணைக் கொடுத்ததை அதற்கான நஷ்டஈடாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து அவருக்கு மறதி நோய் வந்தது. அதுவும் கறாரான அதிகாரிதான். முதலில் அண்டை வீட்டாரின் பெயர்களை ரத்து செய்தது, அப்புறம் குளியலறைக்குப் போகும் வழியை, அப்புறம் என்னை. என் விஷயத்தில் மாமா பெரிதாக மேல்முறையீடு செய்ததாகத் தெரியவில்லை. கண் அசந்தால் போதும், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அத்தை கதவை அடைத்து நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். குளிக்கப் போனாலும் காதை வெளியே வைத்துவிட்டுத்தான் போவார்.

மறதி நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஊருக்கே ஒன்றுதான். அங்கே இடம் கிடைப்பது மந்திரி பதவி கிடைப்பதைவிடக் கஷ்டம். மந்திரிகளாவது அவ்வப்போது மாறுகிறார்கள். காத்துக் காத்துக் கண் பூத்த பிறகு மாமாவுக்கு ஒரு இடம் வந்தது, ஒரு விதியும் கூடவே வந்தது. யாரையும் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அவராக வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பகலில் நாலு மணி நேரம் படுத்துத் தூங்குவது என்ற அத்தையின் ஒரே பேராசை அந்த விதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் இல்லத்தின் வேன் வந்தது. மாமா வாசலில் கால் ஊன்றி நின்றார்.

“சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்ப்பா,” என்று என் மனைவி கெஞ்சினாள்.

“நீ போய்ட்டு வா. எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு.”

வேன் டிரைவர் விவரம் தெரியாமல், “ஸார், முன்னாடி உக்காருறீங்களா?” என்று கேட்டார். மாமாவின் முதுகு நிமிர்ந்தது. ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, “எடுங்க,” என்றார்.

இல்லத்து வாசலில் தீர்ப்பு வந்தது. “திரும்பறப்ப சிக்னல் லேட்டு. ஃபெயில். நாளைக்கு வாங்க.”

அன்றிலிருந்து டிரைவர் தினமும் வந்தார், தினமும் ஃபெயிலானார். மாமாவும் தவறாமல் கடமையாற்றப் போனார். இல்லத்துக்குள்ளும் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் போகிற வருகிற சக்கர நாற்காலிகளுக்கெல்லாம் தேர்வு வைத்தார். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர், “எத்தனை பேரை ஃபெயில் பண்ணினவ நான், என்னையே ஃபெயில் பண்றியா?” என்று பாய்ந்தாராம். இரண்டு பேருக்கும் பசி நன்றாக எடுக்க ஆரம்பித்தது என்று நர்ஸ் சொன்னார். வீட்டில் அத்தை காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார்.

ஆனால் டிரைவரும் மனிதர்தானே. வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவர், ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, ஒரு நாள் அப்பழுக்கில்லாமல் ஓட்டித் தொலைத்தார். மாமா இறங்கிக் கைகுலுக்கினார்.

“பாஸாயிட்டேம்மா!” என்று டிரைவர் முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னபோது அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அட படுபாவி! உன்ன யாருய்யா பாஸாகச் சொன்னா?”

விடிந்தால் மறந்துவிடுவார் என்று நம்பினோம். பல் தேய்த்தது மறந்தது, காபி குடித்தது மறந்தது. இது மட்டும் மறக்கவில்லை. அவருடைய பணிக்காலத்திலேயே அபூர்வமான சம்பவமாயிற்றே!

“அவன்தான் பாஸாயிட்டானே. இனிமே நான் எதுக்கு?”

“நான் தப்பாத்தான் ஓட்டினேன் ஸார், நீங்க கவனிக்கல,” என்றார் டிரைவர்.

“நான் கவனிக்கலையா?” மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். இல்லத்திலிருந்து நர்ஸ் போன் செய்தார்: வரவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.

அத்தை கதவோர நாற்காலியைப் பார்த்தார்.

“மாப்ள, உங்க கார் சாவியக் குடுங்க.”

“எதுக்கு அத்தை?”

“ஓட்டத்தான். லைசென்ஸ் இருக்கு.”

“எப்பம்மா எடுத்த?” என் மனைவிக்கு வாய் மூடவில்லை.

“உங்கப்பா ரிட்டயரானதும். தையல் கிளாஸ்னு சொல்லிட்டுப் போனேன்ல? அவரு சீட்ல இருக்கறவரைக்கும் நான் எங்க பாஸாகறது?”

தையல் படித்த அத்தை ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அத்தை உள்ளே போய் மாமாவின் முன்னால் நின்றார். “ஸார், டெஸ்ட்டுக்கு வந்திருக்கேன்.”

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். நானும் மனைவியும் பின் இருக்கையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துகொண்டோம். சொல்லக் கூடாது, அத்தை வெண்ணெய் மாதிரி ஓட்டினார். இவரும் பாஸாகிவிடப் போகிறாரே, ஒரு சின்னத் தப்பாவது பண்ணட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

இல்லத்து வாசலில் வண்டி நின்றது. மாமா யோசித்தார்.

“வண்டி நல்லாத்தான் போகுது. ஆனா ரோட்டப் பாத்து ஓட்டணும்மா. நீங்க பக்கத்துல இருக்கறவரையே பாத்துக்கிட்டு வர்றீங்க. ஃபெயில்.”

“சரிங்க ஸார்.”

“நாளைக்கு வாங்க.”

யார் கையையும் பிடிக்காமல் இறங்கி உள்ளே போனார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க ரெண்டு பேரும் வேன்ல வீட்டுக்குப் போயிடுங்க,” என்றார்.

கார் சாயங்காலம்தான் மாமாவையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. பகல் முழுக்க எங்கே போயிருந்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

“நாளைக்கு டெஸ்ட் இருக்குல்ல மாப்ள? பிராக்டீஸ் பண்ண வேண்டாமா?”