படுத்துகினே ஆறு தெரியும் அறை

இன்றைக்கும் எந்த ஓட்டல் அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் பிளக் பாயின்ட்டைத்தான் தேடும். பார்த்ததும் சுள்ளென்று கோபம் வரும். அது என்ன பாவம் செய்தது என்று என் கணவர் கேட்பார். அவரிடம் பலமுறை சொல்லியாயிற்று. இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் மனசு ஆறிவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை.

அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். ஷிப்ட் அப்பாவுக்கு மட்டும்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காலை ஷிப்ட் என்றால் அம்மா விடிவதற்கு முன்னாலேயே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் என்றால் அவர் தூங்கி எழுந்ததும் சூடாக ஒரு சாப்பாடு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எனக்கு ஒன்று, அவர் கிளம்பும்போது மறுபடி ஒன்று. அப்பாவுக்காவது வார ஓய்வு என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்குத்தான் செங்கல்பட்டிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் மீன் குழம்பு சாப்பிட வருவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். எனக்குப் பத்து வயது. அப்பாவின் எல்டிசி காலாவதி ஆகப்போகிறது என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. எல்டிசி என்றால் என்ன என்று உத்தியோகக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர சர்க்கார் ரயில் சார்ஜ் கொடுக்கும். சார்ஜ் மட்டும். தங்குவதும் தின்பதும் நம் பாடு. இந்த 'மட்டும்'தான் எங்கள் வீட்டில் சனியனைக் கொண்டுவந்து விட்டது.

குவார்ட்டர்ஸில் மற்றவர்களெல்லாம் டெல்லி, காஷ்மீர் என்று கிளம்பினார்கள். அப்பாவுக்கு நாலு நாளுக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. எங்கே போகலாம் என்று அவர் அம்மாவைக் கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மா பதிலைப் பல வருஷமாக வாயிலேயே வைத்திருந்தவள் போலச் சட்டென்று சொன்னாள்.

"திருச்சிக்குப் போலாம். ஆத்தங்கரைல நல்ல ஓட்டலா பாத்துத் தங்கணும். ஜன்னலத் தொறந்தா தண்ணி ஓடணும். மூணு நாளு நான் அடுப்பு மூஞ்சில முழிக்கக் கூடாது. காப்பி ரூமுக்கு வரணும். அவ்ளோதான்."

"கடல் பக்கத்திலேயே இருந்துக்கிட்டு ஆத்துக்கு என்னடி ஆசை?" என்று அப்பா சிரித்தார்.

"கடலு நாள் பூரா கத்திகினே கீது. நம்ம வூட்டு குக்கர் மாதிரி. ஆறுன்னா அது பாட்டுக்குப் போய்கினே இருக்கும்."

அம்மா பிறந்தது பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினம். 'கீது'வை 'இருக்கு' என்று மாற்றிவிட அப்பா கல்யாணமான நாளிலிருந்து முயன்று தோற்றுப்போயிருந்தார்.

ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தாய்மாமனுக்கு வந்தது. மாமா மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் ரூம்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர்களோடு பழகியதால் ஓட்டல்காரர்களின் தில்லாலங்கடி எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த எஸ்டிடி பூத்துக்கு எங்களை வரச் சொன்னார். அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். போனில் பேசுவதற்குப் பட்டுப் புடவை எதற்கு என்று மாமா கேட்டதற்கு, "சும்மா இர்றா, குரல்ல தெரியும்" என்றாள்.

"அக்கா, ஆறு தெரியும்னு எல்லா ஓட்டல்காரனும் சொல்லுவான். நம்பாத" என்று மாமா பாடம் எடுத்தார். "எந்த மாடின்னு கேளு. ஆத்துப் பக்கம்னு சொல்லிட்டு ஜெனரேட்டர் பக்கம் தள்ளிவுட்ருவானுங்க."

திருச்சியில் மூன்று ஓட்டல்களுக்கு மாமா போன் போட்டுக் கொடுத்தார். பேசியது அம்மாதான். அவள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. ஆத்துல இப்போ தண்ணி கீதா, மணலு கீதா? ஜன்னலுக்குக் கம்பி நெருக்கமா, அகலமா? ஆறு எட்டிப் பாத்தா தெரியுமா, படுத்துகினே பாத்தா தெரியுமா? முதல் ஓட்டல்காரர் போனை வைத்துவிட்டார். இரண்டாவது ஓட்டல்காரர், எட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று உண்மையைச் சொன்னார். மூன்றாவது ஓட்டலில் இருந்தவர் நல்ல மனுஷன். இருங்கம்மா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, தெரியுதும்மா என்றார். பூத்துக் கண்ணாடிக்குள் அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா அவளுக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். ரூமில் இருக்கிற போனை எடுத்து ஒன்பதை அழுத்தினால் போதும், கேட்டது வரும். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா காற்றில் ஒன்பதை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறு வாரம் மீன் குழம்பு சாப்பிட வந்த பெரியப்பா, "நாங்களும் வரோம்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். "எதுக்கு ரெண்டு ரூமு? நாம என்ன வேத்து மனுஷங்களா?" என்றும் சொன்னார். அப்பா அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி. பெண்டாட்டி சொல்லைத் தட்டுவதில் அவருக்கு அத்தனை சங்கடம் இருந்ததில்லை. அம்மா ரசத்தைக் கொஞ்சம் வேகமாக ஊற்றியதோடு சரி.

செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். அப்பா ஒரு பெரிய ரெக்சின் பையை யாரையும் தொடவிடாமல் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தார். "உள்ள இன்னாங்க, கல்லா?" என்று அம்மா கேட்டதற்கு, "அப்புறம் பாரு" என்று கண்ணடித்தார். ரயில் ஊரைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதோ புதுப் புடவை வாங்கி மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, காதெல்லாம் சிவந்திருந்தது.

அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஓட்டல்காரர் பொய் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாலே காவிரி தெரிந்தது. கரை நிறையத் தண்ணீர். அக்கரையில் தென்னை மரங்கள், அதற்கும் பின்னால் கோபுரம். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போன் அருகே வந்தாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். விரல் ஒன்பதுக்கு மேலே இருந்தது.

அப்போதுதான் அப்பா ரெக்சின் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வேட்டியில் சுற்றிய ஒரு கரண்ட் அடுப்பு வந்தது. பின்னால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய், இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி.

"பாத்தியா? ஒண்ணுகூட மறக்கல!" என்றார் அப்பா. முகத்தில் அத்தனை பெருமை. ரயில் சார்ஜ் சர்க்கார் செலவு, சோற்றையும் வீட்டு அரிசியில் ஆக்கிவிட்டால் மொத்தப் பயணமும் ஏறக்குறைய சும்மா போலத்தானே! குவார்ட்டர்ஸில் காஷ்மீர் போனவர்கள்கூட இப்படித்தான் செய்தார்களாம். பெரியப்பா கட்டிலில் நீட்டிப் படுத்தபடி, "அப்பாடா! எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதும்மா. ஒரு மொளகு ரசம் போதும்" என்றார். ரசம் போதுமாம், ரசம்! என்னமோ தியாகம் செய்கிற தோரணை.

அம்மா ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அடுப்பை அறையின் மூலையிலிருந்த பிளக்கில் செருகினார் அப்பா. அரிசி கொதிக்க ஆரம்பித்த நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் அறை மட்டுமல்ல, அந்த மாடி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஓட்டல் மேனேஜர் மூச்சிரைக்க மேலே வந்தார். அப்பா சற்றும் கலங்காமல், "தமிழ்நாட்டுக்கே கரண்ட் தயார் பண்றவங்க சார் நாங்க. எங்களுக்கா தெரியாது?" என்றார்.

"கரண்ட் உங்களுது சார். வயரிங் எங்களுது" என்றார் மேனேஜர்.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். அப்பா விடவில்லை. லோடு, ஆம்பியர் என்று யோசித்து, வெந்நீர் கீசருக்குப் பெரிய பிளக் கொடுத்திருப்பார்களே என்று கண்டுபிடித்துவிட்டார். கீசர் எங்கே இருக்கும்? பாத்ரூமில் இருக்கும். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அடுப்பை வைத்தார்கள். ஆற்றங்கரை ஓட்டலில், ஆசை ஆசையாய்ப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தேர்ந்தெடுத்த அறையில், என் அம்மா கக்கூஸுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஐந்து பேருக்குச் சோறு ஆக்கினாள். அந்த பாத்ரூமுக்கு இருந்த ஒரே ஜன்னலில் மங்கலான கண்ணாடி. அதைத் திறந்தால் எதிரே சுவர்.

கட்டிலில் படுத்துகினே ஆற்றைப் பார்த்தவர் பெரியப்பா. "அடடா, என்ன அழகு! ஏம்மா, வந்து பாரேன்!" என்று அடிக்கடி பாத்ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பெரியம்மா முழங்கால் வலி என்று அவர் பக்கத்திலேயே காலை நீட்டிக்கொண்டாள். ராத்திரி எங்களுக்குத் தரை. தரையில் படுத்தால் கட்டிலின் கால்தான் தெரியும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் அம்மாமேல்தான். ஊருக்கு வந்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று.

மறுநாள் காலையில் பெரியம்மா ஒரு விஷயத்தைக் கிளப்பினாள். காவிரியில் முழுகிவிட்டு உடுத்திய பழந்துணி ஒன்றை ஆற்றோடு விட்டுவிட வேண்டுமாம். பிடித்த பீடையெல்லாம் துணியோடு போய்விடுமாம். சரி, எல்லாரும் போய் முழுகிவிட்டு வரலாம், வந்ததும் உப்புமா கிண்டிக்கொள்ளலாம் என்று அப்பா நிகழ்ச்சி நிரல் போட்டார்.

படித்துறை ஓட்டலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்பா ஒரு கிழிந்த பனியனை விட்டார். பெரியப்பா துண்டை விடுவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கைக்குட்டையை விட்டார். அது கொஞ்ச தூரம் மிதந்து போனது. அம்மா தன் பழைய நூல் புடவையை மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சமையலுக்குக் கட்டும் புடவை. முந்தானையெல்லாம் மஞ்சளும் கரியுமாக இருக்கும். இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி வீசினாள்.

அது மிதக்கவில்லை. தொபுக்கென்று போய்விட்டது.

"பெரிய பீடைதான் போல" என்று பெரியப்பா சிரித்தார். அம்மா மூன்று முறை முழுகி எழுந்தாள். நிதானமாகத் தலை துவட்டிக்கொண்டாள்.

அறைக்கு வந்ததும் அப்பா பாத்ரூமுக்குள் போனார். கவிழ்ந்த பக்கெட் இருந்தது, அடுப்பு இல்லை. கட்டிலுக்கு அடியில் தேடினார், பையில் தேடினார். பிறகு அவருக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்துவிட்டது. வெளியே வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, எங்க ரூமுக்குள்ள வந்தியா?" என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் துடைப்பத்தோடு திகைத்து நின்றாள்.

"அவங்கள எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் அம்மா. தலையில் ஈரத் துண்டு, குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான்தான் ஆத்துல வுட்டேன்."

"எதை?"

"பீடைய."

அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா ஆற்றைப் பார்த்தார்.

"என்னடி, பைத்தியமா உனக்கு? நல்ல அடுப்புடி!"

"மூணு நாளு கேட்டேன். மூணே நாளு. ஒரு நாளு போயிட்ச்சு. மிச்சம் ரெண்டு நாளு கீது. யாருக்குப் பசிக்குதோ கீழ போய்த் துண்ணுங்க. எனக்கு எந்த வூட்டு ரசமும் வைக்கத் தெரியாது, போங்க."

அம்மா கட்டிலுக்குப் போனாள். பெரியப்பா தானாகவே எழுந்துகொண்டார். அம்மா தலையணையைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டிப் படுத்து, ஆறு தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். தெரிந்தது. பிறகு கையை நீட்டிப் போனை எடுத்து ஒன்பதை அழுத்தினாள்.

"ஒரு காப்பி" என்றாள். எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். "ஒண்ணுதான். ஆமா, ஒண்ணே ஒண்ணு."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அறையில் நாலு பேர் பசியோடு நிற்கிறோம். இத்தனை வருஷம் எல்லாருக்கும் எண்ணி எண்ணித் தட்டு வைத்தவளுக்கு இது தெரியாதா? அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அம்மா, ஒண்ணுன்னு சொல்லிட்ட, மறந்துட்டியா? நாங்கல்லாம் இருக்கோம்ல?" என்று கத்தினேன்.

அம்மா திரும்பவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் பலமாகக் கத்தினேன்.