சுவரில் வளைந்த வரப்பு

தேர்தல் சமயத்தில் சுவர்களில் சின்னம் வரைந்தே கை பழகியவன் நான், யாரிடமும் படித்ததில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு, டீக்கடைச் சுவரில் எங்கள் ஊர் வயல்வெளியை நினைவிலிருந்து வரைந்தேன். அழகுக்காக ஒரு வரப்பைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன்.

விடிந்ததும் மிராசுதார் வந்து கத்தினார். "எவன்டா என் வரப்பை உள்ள தள்ளினது?"

அந்த வரப்புக்காக அவரோடு வழக்காடிக்கொண்டிருந்த பக்கத்து வயல் குத்தகைதாரரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "படத்துல இருக்கறதுதாங்க சரி. அழிச்சிராதீங்க."

பயந்துபோய், வரப்பே தெரியாதபடி வயல் முழுக்க வெள்ளத்தை வரைந்தேன். தப்பித்தோம் என்று திரும்பினால், இருவரும் தோளோடு தோள் உரச நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பதான் நட்ட பயிருய்யா, அழுகிப்போயிரும்!" என்றார் மிராசுதார்.

"வடிகால் எங்கங்க?" என்று பாய்ந்தார் குத்தகைதாரர்.

வடிகாலை வரைந்து முடிக்கும்வரை இருவரும் நகரவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. நான்தான் எந்த வயலை வரைந்தாலும் முதலில் வடிகாலைப் போட்டுவிடுகிறேன்.