ஊதுபத்தி சுட்ட படகு

விமானச் சரக்குக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் செய்த முதல் காரியம், மார்சிலிங்கில் ஒருவரிடம் பழைய ரப்பர் படகு வாங்கியதுதான். காற்றடித்தால் இரண்டு பேர் உட்காரலாம். சாங்கி கடலில் என் மனைவியை உட்காரவைத்துத் துடுப்புப் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அவளுக்கோ தண்ணீர் என்றாலே கிலி. உபின் தீவுக்குப் போகும் படகில்கூட என் சட்டையை விடமாட்டாள். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, "ஒரே ஒரு தடவ வரேன். எதாவது ஆச்சுன்னா படகு வீட்ட விட்டுப் போயிரணும்" என்றாள்.

செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் பம்பைக் காணோம். விற்றவர் போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு பாய்க்கு லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டிக் கடை. உதவி கேட்கும் முன்பே வந்து நிற்கிற மனிதர். சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தார். அதன் மூக்கு பொருந்தாததால் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். வேர்க்க விறுவிறுக்க இருவரும் மாறி மாறி அடித்ததில், கூடத்தை அடைத்துக்கொண்டு படகு உப்பி நின்றது.

எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் பூஜை போடாமல் நகராது. மனைவி படகுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"சக்கரமே இல்லையே லா, எலுமிச்சம்பழத்த எதுக்கடியில வைப்பீங்க?" என்று வாசலில் நின்று சிரித்தார் பாய்.

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுற்றினாள். கடைசிச் சுற்றில் கை தாழ்ந்துவிட்டது. படகின் பக்கவாட்டில் 'உஸ்' என்று காற்று கிளம்பியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரைத் திட்டுவது, சாமியையா?

"பாத்தீங்களா, சாமியே வேணாங்குது" என்றாள், முகம் வாடி. என் ஆசை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"என்ன தங்கச்சி இப்படிச் சொல்றீங்க? இங்கேயே ஆனது நல்லதாப் போச்சு. கடல்ல ஆகியிருந்தா?" என்றார் பாய். சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் துண்டை எடுத்துவந்து ஓட்டையில் ஒட்டினார். அவள் பயம் போக இன்னொரு யோசனையும் சொன்னார். கடையிலிருந்து பெட்டி கட்டும் நீளக் கயிறு கொண்டுவந்து படகில் கட்டுவார். மறுமுனை கரையில் அவர் கையில் இருக்கும். அவள் அரைமனதாகத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாங்கியில் கடல் சாதுவாக இருந்தது. மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போதுதான் ஒட்டிய துண்டின் ஓரத்தில் குமிழிகள் கிளம்பின. சைக்கிள் பசை கடலுக்கு ஆகவில்லை. அவளும் பார்த்துவிட்டாள். அலறப்போகிறாள் என்று துடுப்பை நிறுத்தினேன். முழங்கால் தண்ணீரில் நின்ற பாய்க்கு அது போதுமாயிருந்தது. என்னவோ ஏதோவென்று கயிற்றை இழுக்கத் தொடங்கிவிட்டார். படகு கரையை நோக்கிப் பின்னால் போனது.

அவள் ஓட்டையின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினாள்.

"பாய்! கயித்த விடுங்க லா!"

அவர் திகைத்துப்போய் விட்டுவிட்டார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? துடுப்பப் போடுங்க" என்றாள்.